கேட்கும்போது பக்கத்தில் யார் நிற்கிறார்கள்?

அக்கா மகள் எம்.ஏ. அரசியல் அறிவியல் கடைசி வருடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலூருக்கு வந்தவள், சாப்பிட்ட கை காய்வதற்குள் நோட்டைத் திறந்துவிட்டாள். "மாமா, எண்ணிக்கையில குறைவா இருக்கிற சமூகங்கள் அரசியல்ல தங்களுக்கு ஆள் இருக்குன்னு உணர்றாங்களா, இதான் தலைப்பு. சர்வே எடுக்கட்டுமா, பேட்டி எடுக்கட்டுமா, இல்ல அரசாங்க ரெக்கார்டை வெச்சே எழுதிடட்டுமா? பாண்டியா கடலூரான்னு ஊரும் இன்னும் முடிவு பண்ணல. நீங்களே சொல்லுங்க." கையில் நாலு மாதம், செலவுக்கு எட்டாயிரம் ரூபாய், போக வர டவுன் பஸ்.

நான் வாத்தியார் இல்லை. பதினைந்து வருடமாக அடுத்தவர்களுடைய ஆய்வுக்குக் களவேலை பார்க்கிறவன். ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்தால் இவ்வளவு என்று கூலி. வாசலில் நின்று கேள்வி கேட்டே செருப்பு தேய்ந்தவன் என்ற முறையில் அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஊரைப் பற்றி முதலில். கடலூரிலிருந்து பாண்டி பஸ்ஸில் ஏறினால் ரெட்டிச்சாவடி தாண்டி முள்ளோடையில் எல்லை வரும். அந்தப் பக்கம் கன்னியகோவில், கிருமாம்பாக்கம். இரண்டு பக்கமும் ஒரே சனம்தான், கொண்டு கொடுத்த உறவு. ஆனால் இந்தப் பக்கத்து ஊராட்சியில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாள் கிராம சபை. அந்தப் பக்கம் உள்ளாட்சித் தேர்தல் என்பதே அபூர்வம். புதுச்சேரியில் 1968இல் நகராட்சித் தேர்தல் நடந்தது. அதற்குப் பிறகு 38 வருடம் கழித்து 2006இல்தான் மறுபடி உள்ளாட்சித் தேர்தல். அப்போது வந்தவர்களின் காலம் 2011இல் முடிந்தது. 2021இல் தேதி அறிவித்து, வேட்புமனு வரைக்கும் பேச்சு போய், நின்றுபோனது.

அதனால் பாண்டியில் சாதாரண ஆளுக்கு 'பிரதிநிதி' என்றால் எம்எல்ஏதான். அங்கே எம்எல்ஏ கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார் என்பதையும் சொல்லியாக வேண்டும். சுமார் பத்து லட்சம் வாக்காளருக்கு 30 தொகுதி, ஒரு தொகுதிக்கு முப்பத்து மூவாயிரம் பேர் போலத்தான். தமிழ்நாட்டில் ஒரு தொகுதிக்குச் சராசரியாக இரண்டரை லட்சம் போல. காலையில் எம்எல்ஏ வீட்டு வாசலில் போய் நிற்பதும், காதுகுத்துக்கு அவரே வந்து மொய் வைப்பதும் பாண்டிக்காரர்களுக்கு வழக்கமான சங்கதி. அந்த 30இல் ஐந்து தொகுதி பட்டியல் சாதியினருக்கு: திருபுவனை, ஊசுடு, ஏம்பலம், நெட்டப்பாக்கம், காரைக்கால் பக்கம் நெடுங்காடு. இதுபோக மத்திய அரசு நியமிக்கும் மூன்று பேர் வரை சபையில் உட்காரலாம். 2017இல் அப்படி மூவரை நியமித்தது வழக்காகி, உச்ச நீதிமன்றம் 2018இல் செல்லும் என்றது. ஓட்டுக் கேட்டு ஒரு வாசலும் ஏறாமல் உறுப்பினராக வருகிறவரை ஜனங்கள் எப்படிப் பார்க்கிறார்கள்? அதையே தனி ஆய்வாகச் செய்யலாம்.

பாண்டியில் என்னை இழுத்த விஷயம் இருளர்கள். வில்லி, வேட்டைக்காரன் என்ற பெயர்களையும் சேர்த்து அவர்களைப் புதுச்சேரியின் பட்டியல் பழங்குடியாக அறிவித்தது 2016 டிசம்பரில்தான். அதுவரை எல்லைக்கு இந்தப் பக்கம் பட்டியல் பழங்குடி, அந்தப் பக்கம் அந்தப் பட்டியலில் இல்லை. அறிவித்த பிறகும் சட்டமன்றத்தில் பழங்குடிக்கென்று ஒரு தொகுதி கிடையாது. வார்டு மெம்பராகவாவது வரலாமென்றால் உள்ளாட்சித் தேர்தல் நடந்தால்தானே. இதை எடுத்தால் அவளுடைய ஆய்வு 'இல்லாத ஒன்றை ஜனங்கள் எப்படி அனுபவிக்கிறார்கள்' என்று போகும். அருமையான கேள்விதான், ஆனால் நாலு மாதத்தில் பிடிபடாது. இல்லாததைப் பற்றிக் கேட்டால் நம்மூரில் கிடைக்கும் பதில் ஒரே வரி: "எங்களுக்கு யாரு இருக்கா?" அதற்குக் கீழே தோண்ட வருடக்கணக்கில் பழக வேண்டும்.

புதுச்சேரியோடு சேர்ந்த, கேரளா பக்கத்து மாஹேயும் ஆந்திரா பக்கத்து யானமும் மொழியால் சிறுபான்மை, ஆளுக்கு ஒரு தொகுதி. என்.ஆர். காங்கிரஸ் தலைவர் ரங்கசாமியே 2021இல் யானத்தில் ஒரு சுயேச்சையிடம் தோற்றார். சுவாரஸ்யமான இடம், ஆனால் எட்டாயிரம் ரூபாயில் ரயில் டிக்கெட்டுக்கே பாதி போய்விடும். இன்னொரு விசித்திரக் கூட்டமும் உண்டு: பாண்டியிலேயே பிறந்து வளர்ந்து, பிரெஞ்சுக் குடியுரிமையோடு இருக்கும் தமிழர்கள். இங்கே ரேஷன் அட்டைக்கும் எம்எல்ஏவுக்கும் சம்பந்தமில்லை, துணைத் தூதரகத்தில் வரிசையில் நின்று பிரான்சின் அதிபருக்கு ஓட்டுப் போடுவார்கள். 2012 முதல் அவர்களுக்குப் பாரிஸ் நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினரும் உண்டு, அவருடைய தொகுதி ரஷ்யா தொட்டு ஆஸ்திரேலியா வரைக்கும். தெருவில் குழாய் வரவில்லை என்று அவரிடம் போய்ச் சொல்ல முடியுமா? (இதைச் சொன்னதும் அக்கா மகள் சிரித்துவிட்டு, "இது பிஎச்.டி.க்கு வெச்சுக்கறேன் மாமா" என்றாள்.)

கடலூர் மாவட்டத்தில் கதை வேறு. 683 ஊராட்சி, ஒன்பது சட்டமன்றத் தொகுதி. அதில் திட்டக்குடியும் காட்டுமன்னார்கோயிலும் பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி. மக்களவைக்குச் சிதம்பரம் தனி. மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் ஏறக்குறைய 29 சதவீதம் என்கிறது 2011 கணக்கெடுப்பு. இந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு அவர்களைச் சிறுபான்மை என்று சொல்லலாமா என்று அவளுடைய கைடு கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். மாவட்டக் கணக்கில் பெரிய கூட்டம், ஊராட்சி மன்றத்து மேசையைச் சுற்றி உட்காரும்போது ஒருவரோ இருவரோ. எந்த அளவில் பார்க்கிறோம் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவிடச் சொன்னேன்.

இன்னொரு சிக்கலும் இங்கே கண்ணெதிரே கிடக்கிறது. லால்பேட்டை முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் பேரூர். அது காட்டுமன்னார்கோயில் தொகுதிக்குள் வருகிறது. தனித்தொகுதி என்பதால் அந்த ஊர் முஸ்லிம் ஒருவர் தன் சொந்தத் தொகுதியில் சட்டமன்றத்துக்கு நிற்க முடியாது. முஸ்லிம்கள் கணிசமாக உள்ள தொகுதிகள் பல இப்படித் தனித்தொகுதியாக இருப்பதை 2006இல் முஸ்லிம்களின் நிலையை ஆராய்ந்த சச்சார் குழு நாடு முழுவதற்குமாகச் சுட்டிக்காட்டியது. ஒரு சமூகத்துக்குக் கிடைத்த கதவே இன்னொன்றுக்குச் சுவராகத் தெரியலாம். அல்லது தெரியாமலே போகலாம்: "ஜெயிக்கிறவர் யாரா இருந்தாலும் ஜமாத்துக்கு வந்துதானே ஓட்டுக் கேக்கணும்" என்று ஒருவர் சொல்லக்கூடும். இரண்டில் எது என்பதை நாமே முடிவுகட்டிக்கொண்டு போகக் கூடாது.

இதே மாவட்டத்தில்தான், புவனகிரி பக்கம் தெற்குத் திட்டையில், பட்டியல் சாதிப் பெண் ஊராட்சித் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருக்க மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படம் 2020 அக்டோபரில் வெளிவந்து நாடே பார்த்தது. வழக்கும் பதிவானது. பதவி இருந்தது, ஓட்டு வாங்கி ஜெயித்தது இருந்தது, இடஒதுக்கீடும் இருந்தது. எண்ணிக்கையை மட்டும் பார்க்கிற ஆய்வாளன் அட்டவணையில் அந்த ஊருக்கு நேராக 'பிரதிநிதித்துவம்: உண்டு' என்று டிக் அடித்திருப்பான்.

நான் கடலூர் என்று சொன்னதற்கு அதைவிட நடைமுறையான காரணம் ஒன்று உண்டு. இங்கே 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். பதவியில் இருக்கும்போது "எல்லாம் சுமுகமா போகுது சார்" என்றவர், பதவி போன பிறகு திண்ணையில் உட்கார வைத்து முழுக் கதையும் சொல்வார். இந்த மாதிரிச் சமயம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான் வாய்க்கும்.

ஊர் முடிவானது. எப்படிக் கேட்பது என்பதில்தான் அன்று பொழுது சாய்ந்தது.

அவளுக்குப் பிடித்தது சர்வே. 400 பேர், முப்பது கேள்வி, கணினியில் ஏற்றினால் வண்ண வண்ணமாகப் படம் வரும், வைவாவில் காட்டலாம். 400 பேரைச் சீராகக் குலுக்கல் முறையில் எடுத்தால் கூடக்குறைய ஐந்து சதவீதத்துக்குள் விடை நிற்கும் என்பது கணக்கு, அது சரிதான். ஆனால் அந்த 400இல் யார் வருவார்கள்? மாவட்டத்தில் பழங்குடியினர் ஒரு சதவீதத்துக்கும் கீழே. பிச்சாவரம், கிள்ளைப் பக்கத்து இருளர் குடியிருப்புகளிலிருந்து குலுக்கலில் மூன்று பேர் விழுந்தால் அதிசயம். முஸ்லிம்கள் நூற்றுக்கு ஐந்து என்று வைத்தாலும் இருபது பேர். இருபது பேரை ஆண், பெண் என்று பிரித்தால் பத்துப் பத்து. அதை வைத்துச் சதவீதம் போடுவது நாலு பேர் குடும்பத்தில் '25 சதவீதம் பேருக்குச் சளி' என்று எழுதுகிற மாதிரி. சிறுபான்மையைப் பற்றிய ஆய்வில் சிறுபான்மையே வலைக்குத் தப்பிவிடும். அவர்களை மட்டும் கூடுதலாக எடுக்கலாம், அதற்கு முறை உண்டு. ஆனால் முதலில் வீட்டுப் பட்டியல் வேண்டும், பிறகு நாலைந்து ஆள் வேண்டும், அவர்களுக்குக் கூலி வேண்டும்.

கூலியைவிடப் பெரிய தொல்லை ஒன்றை நானே பட்டு அறிந்திருக்கிறேன். எட்டு ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஓர் ஆய்வுக்காக ஒரு காலனிக்குப் போனேன். வழி காட்ட ஊராட்சி கிளர்க்கே கூட வந்தார். நல்ல மனுஷன், வெயிலில் எனக்கு இளநீர் வெட்டித் தந்தார். இருபத்திரண்டு வீட்டில் கேட்டேன். இருபத்திரண்டு வீட்டிலும் ஊராட்சி 'நன்று' அல்லது 'மிக நன்று'. படிவத்தைக் கட்டி அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்து, விட்டுப்போன ஒரு கையெழுத்துக்காகத் தனியாக, சாயங்காலம் ஆறு மணிக்குப் போக வேண்டி வந்தது. மோட்டார் ஓடாமல் குழாயடியில் குடங்கள் வரிசையாக நின்றன. மிக நன்று சொன்ன அம்மா என்னைப் பார்த்ததும், "அன்னிக்கு அந்தாள கூட்டிக்கிட்டு வந்துட்டு கேக்குற கேள்வியா தம்பி அது? அவருதான நூறு நாள் வேலைக்குப் பேரு எழுதுறவரு" என்றார். அனுப்பிய படிவத்தைத் திரும்ப வாங்க முடியவில்லை. அந்த இருபத்திரண்டு 'நன்று'ம் ஏதோ ஓர் அறிக்கையின் சதவீதத்துக்குள் இன்றைக்கும் உட்கார்ந்திருக்கும்.

அன்றிலிருந்து எந்த முறையை யார் பரிந்துரைத்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: பதில் சொல்லும்போது அந்த ஆளின் பக்கத்தில் யார் நிற்கப்போகிறார்கள்? கிளர்க்கா, புருஷனா, ஊர்ப் பெரியவரா, கட்சிக்காரரா, யாருமே இல்லையா?

இந்த ஒரு கேள்வியிலேயே குழு உரையாடல் பாதி அடிபட்டுப் போகிறது. எட்டுப் பேரை வட்டமாக உட்கார வைத்துப் பேசவிடுவது செலவில்லாத வழி, மறந்ததை ஒருவர் இன்னொருவருக்கு எடுத்துக்கொடுப்பார். ஆனால் தேவனாம்பட்டினம், தாழங்குடா மாதிரி மீனவர் ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்தாரில் ஒருவர் வட்டத்தில் இருந்தால் மற்ற ஏழு பேரும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் வாய் திறப்பார்கள். பெண்களைத் தனியாக உட்கார வைத்தால் பலன் உண்டு, அதுவும் மீன் விற்று வந்து கூடையைக் கழுவி வைத்த பிறகு.

ரெக்கார்டு பக்கத்தில் யாரும் நிற்பதில்லை. அதுதான் அதன் பலம். தேர்தல் ஆணையம் படிவம் 20 என்று வாக்குச்சாவடி வாரியாக முடிவை வெளியிடுகிறது. காட்டுமன்னார்கோயிலில் 2016இல் திருமாவளவன் 87 ஓட்டில் தோற்றது எந்தச் சாவடியில் எப்படி விழுந்த ஓட்டால் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். ஊராட்சித் தீர்மான நோட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினால் முப்பது நாளில் பதில் வர வேண்டும் என்பது சட்டம், நாற்பத்தைந்து என்று வைத்துக்கொள்வது புத்தி. மேற்கு வங்காளத்திலும் ராஜஸ்தானிலுமாக 265 ஊராட்சிகளில் எந்தெந்த வேலைக்குப் பணம் போனது என்று பார்த்து 2004இல் ஓர் ஆய்வு வந்தது. பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சிகளில் குடிநீர் போல பெண்கள் கேட்கும் வேலைகளுக்குக் கூடுதலாகப் பணம் போயிருந்ததை அது காட்டியது. 'ஆள் மாறினால் என்ன மாறிவிடும்' என்கிறவர்களுக்கு அந்த வழியில் கணக்காகப் பதில் சொல்லலாம்.

ஆனால் நோட்டில் எல்லாத் தீர்மானமும் ஏகமனதாக நிறைவேறியிருக்கும். கையெழுத்தும் இருக்கும். அந்தக் கையெழுத்தை அவர் கூட்டத்தில் போட்டாரா, நோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து நீட்டியபோது போட்டாரா என்று நோட்டு சொல்லாது. தமிழ்நாட்டில் ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். தலைவர் பதவிக்கு இடஒதுக்கீடு உண்டு, துணைத் தலைவருக்குக் கிடையாது. வார்டு மெம்பர்கள் கூடித் தேர்ந்தெடுப்பார்கள். பட்டியல் சாதித் தலைவருக்குப் பெரும்பான்மைச் சாதியிலிருந்து ஒரு துணைத் தலைவர் வாய்த்து, அவர் பேனாவை எடுக்க மறுத்தால் ஐந்து வருடம் எப்படிப் போகும்? வங்கிக் கணக்கில் தேதிகள் நாலு மாதம் தள்ளிப்போனது மட்டும் தெரியும். ஏன் என்று ஆள்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே அவளுக்கு நான் சொன்னது பேட்டி, அதுவும் இரண்டு தடவை உட்காரும் பேட்டி. பன்னிரண்டு பேர் போதும், பதினைந்துக்கு மேல் வேண்டாம். பதவியில் இருந்து இறங்கியவர்கள் நாலைந்து பேர், மீதி அந்தந்தத் தெருவின் சாதாரண ஆட்கள். முதல் தடவை ரெக்கார்டர் வேண்டாம், ஊர்க்கதை பேசிவிட்டு வந்தால் போதும். இரண்டாவது தடவை அனுமதி கேட்டுப் பதிவு செய்யலாம். தீர்மான நோட்டின் நகலைக் கையோடு எடுத்துப் போய், "இந்தத் தேதியில இந்தத் தீர்மானம் போட்டிருக்கே, அன்னிக்கு நீங்க எங்க உக்காந்திருந்தீங்க?" என்று கேட்கலாம். ரெக்கார்டும் பேட்டியும் அங்கே ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

அவள் எழுதி வைத்திருந்த முதல் கேள்வி இது: 'உங்கள் சமூகத்துக்குப் போதுமான அரசியல் பிரதிநிதித்துவம் இருப்பதாகக் கருதுகிறீர்களா? முழுமையாக ஒப்புக்கொள்கிறேன், ஓரளவு ஒப்புக்கொள்கிறேன்...' என்று ஐந்து கட்டம். இதைக் கொண்டுபோய் நடவு முடித்து வந்த ஓர் ஆளிடம் கேட்டால், "ஏதோ பரவால்ல" என்பார். 'பரவால்ல' எந்தக் கட்டம்? நான் வேலை பார்த்த இடங்களில் களப்பணியாளருக்குப் பசி எடுக்கும் நேரத்தைப் பொறுத்து அது 'ஓரளவு' ஆகவோ 'முழுமையாக' ஆகவோ மாறியதைப் பார்த்திருக்கிறேன்.

அதை அடித்துவிட்டு இருவரும் சேர்ந்து எழுதினோம். கடைசியாக உங்கள் தெருவில் லைட் எரியாமல் போனபோது யாரிடம் சொன்னீர்கள்? வார்டு மெம்பர் நம்பர் உங்கள் போனில் இருக்கிறதா, என்ன பெயர் போட்டு வைத்திருக்கிறீர்கள்? பிரசிடெண்ட் வீட்டுக்குப் போனால் எதுவரைக்கும் போவீர்கள், கேட், வாசல், உள்ளே? கிராம சபைக்குப் போனீர்களா, எங்கே நின்றீர்கள், வாய் திறந்தீர்களா, திறந்ததற்கு அப்புறம் யாராவது ஏதாவது சொன்னார்களா? 'பிரதிநிதித்துவம்' என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லை. கைடு கேட்டால் என்ன சொல்வது என்று பயந்தாள். இந்தக் கேள்விகளுக்கு வரும் பதில்களை நாலு தலைப்பின் கீழ்ப் பிரிப்பது உன் வேலை, அதற்குத்தான் எம்.ஏ. பட்டம் என்றேன்.

பேட்டிக்கும் குறை உண்டு. பன்னிரண்டு பேர் சொன்னதை மாவட்டத்துக்கே பொதுவென்று எழுத முடியாது, எழுதவும் கூடாது. நம்மிடம் பேசுகிறவர்கள் பேச இஷ்டப்பட்டவர்கள், பேசாதவர்கள் கதை வேறாக இருக்கலாம். அவளும் வெளியாள்தான். அவளுடைய சாதி என்ன என்பது இரண்டாவது வாக்கியத்திலேயே விசாரிக்கப்படும், அந்தப் பதிலைப் பொறுத்து மூன்றாவது வாக்கியம் மாறும். அதை மறைக்காமல், யாரிடம் என்ன சொன்னாள், பேச்சு எப்படித் திரும்பியது என்பதையும் நோட்டில் எழுதச் சொன்னேன்.

இரண்டு லட்சம் ரூபாயும் ஒரு வருடமும் இருந்தால் நானே சர்வேயைச் சொல்லியிருப்பேன், ஆனால் பேட்டிக்குப் பின்னால். எந்தக் கேள்விக்கு ஜனம் உண்மையாக வாய் திறக்கிறது என்று தெரிந்த பிறகு அச்சடிக்கும் படிவம் வேறு மாதிரி இருக்கும்.

கிராம சபைக்கு ஒரு தடவையாவது போய்ப் பின்னால் உட்காரச் சொன்னேன். குறிப்பெடுக்க வேண்டாம், நோட்டைப் பார்த்தால் "பேப்பரா, டிவியா?" என்பார்கள். ஷாமியானாவின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, அந்த நிழலில் யார் இருக்கிறார்கள், வருகைப் பதிவேடு காலனிப் பக்கம் எப்போது வருகிறது, மைக் எத்தனை கை மாறுகிறது என்று பார்த்தால் போதும்.

கிளம்பும்போது பெயரைப் பற்றிக் கேட்டாள். பெயரை மாற்றி எழுதினால் போதாதா? பட்டியல் சாதிப் பெண் தலைவராக இருந்த ஊராட்சி ஒரு ஒன்றியத்தில் சில இருக்கும். அதிலும் துணைத் தலைவரோடு சண்டை என்று எழுதினால் டீக்கடையில் படிக்கிற ஆளுக்கே எந்த ஊரென்று தெரிந்துவிடும். ஒன்றியத்தின் பெயர், ஆண்டு, வேலையின் பெயர் எல்லாவற்றையும் கலைத்துப் போட வேண்டும். சில நல்ல வரிகளை எழுதாமல் விட வேண்டியும் வரும். அவர்கள் அதே தெருவில்தான் நாளைக்கும் தண்ணீர் பிடிக்கப் போகிறார்கள்.

பஸ் ஸ்டாண்டில் ஏற்றிவிடும்போது இன்னொன்றும் சொன்னேன். வழி காட்ட யார் வருகிறேன் என்று சொன்னாலும், கிளர்க்கு இளநீரே வெட்டித் தந்தாலும், முதல் நாள் மட்டும் குடித்துவிட்டு மறுநாள் தனியாகப் போ. சாயங்காலம் ஆறு மணிக்கு, மோட்டார் போடுகிற நேரம் பார்த்து. குழாயடியில் நாலு குடம் நிரம்புகிற வரைக்கும் நீயும் நில்.